முன் சக்கரத்து முனகல்

ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்தவர்களை 'ஹாட் ஆக்ஸில்' என்ற சொல் நடுராத்திரியிலும் எழுப்பி உட்கார வைத்துவிடும். ஸ்டேஷனில் நிற்காத ரயில் கடந்து போகும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நிற்பாரே, பார்த்திருப்பீர்கள். அவர் கொடி காட்டுவதற்கு மட்டும் நிற்கவில்லை. எந்தப் பெட்டியிலாவது சக்கரத்துப் பக்கம் புகை வருகிறதா, இரவென்றால் சிவந்து தெரிகிறதா என்றும் பார்க்கிறார். நாங்கள் பிளாட்பாரத்தில் ரயில் நுழையும்போதே இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, உருளுகிற ஒவ்வொரு சக்கரத்தையும் கண்ணாலும் காதாலும் வாங்குவோம். வண்டி நின்றதும் ஆக்ஸில் பாக்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவோம். அதுவும் புறங்கையால்தான். உள்ளங்கை சுட்டுக்கொண்டால் அப்புறம் ஸ்பானர் பிடிப்பது எப்படி?

நான் சேர்ந்த காலத்தில் பழைய கூட்ஸ் வேகன்களில் உருளை பேரிங் கிடையாது. ஆக்ஸில் முனை மேல் ஒரு பித்தளைத் துண்டு உட்கார்ந்திருக்கும். அதன் உள்பக்கம் மெத்தென்ற வெள்ளை உலோகப் பூச்சு. அடியில் எண்ணெயில் ஊறிய நூல் கழிவு. எண்ணெய் வற்றினால் சூடு, சூட்டுக்குப் பிறகு புகை, அதையும் கவனிக்காமல் விட்டால் ஆக்ஸில் முனை முறிந்து வண்டி கவிழும். பிறகு ரோலர் பேரிங் வந்து இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. குறைந்ததே தவிர ஒழியவில்லை. ரோலர் பேரிங் கெட்டுப்போகிறபோது புகைக்கு முன்னாலேயே சத்தத்தில் சொல்லும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கார். 11 வருஷத்து வண்டி, 78 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. சின்னக் கார்தான். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், லால்குடியிலிருந்து திருச்சிக்கு டயாலிசிஸுக்காக என் மனைவியை அழைத்துப் போய் வருவதுதான் அதன் தலையாய வேலை. போக 20 கிலோமீட்டர், வர 20 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் படுக்கையில் படுத்தால் நான்கு மணி நேரம். முடிந்து வரும்போது பழுத்த இலை மாதிரி வருவாள். சில நாள் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, வீடு வரைக்கும் பள்ளம் மேடு பார்த்து உருட்டிக்கொண்டு வருவேன். அந்த வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒரு நாள் வாளாடி தாண்டி வந்துகொண்டிருக்கும்போது கண்ணை மூடிப் படுத்திருந்தவள் சொன்னாள்: "என்னங்க, என் காலுக்கடியில ஏதோ குறுகுறுங்குதே."

எனக்குக் கேட்கவில்லை. "ரோடு அப்படி" என்றேன்.

"ரோடு இல்ல. ரோடு மாறிக்கிட்டே இருக்கு, இது மாறல."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காரணம் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கையில் ஃபிஸ்டுலா என்று ஒன்று போடுவார்கள். ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவது. அந்த இடத்தில் ரத்தம் வேகமாகப் பாய்வதால் தோலுக்கடியில் விர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். தினமும் விரலை வைத்து அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாகக் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் இடது முழங்கையடியில் வலது கை விரல்களை வைத்து ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். அப்படிப் பழகிய ஒருத்தி, அதிர்வு புதிதாக வந்திருக்கிறது என்று சொன்னால் டி.எக்ஸ்.ஆர். வந்து சொன்ன மாதிரிதான்.

அடுத்த நாள் விடிகாலையில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிகளை ஏற்றி, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்டேன். 40-ல் ஒன்றும் இல்லை. 55-ஐத் தாண்டும்போது லேசான ஊ... என்று ஒரு முனகல். 70-ல் அது உறுமல். பையன்கள் பழைய பேரிங்குகளை மரப்பலகையில் மாட்டி, தெருச் சரிவில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டு போவார்களே பேரிங் வண்டி, அந்தச் சத்தத்தைப் போர்வைக்குள் சுற்றி வைத்த மாதிரி.

இஞ்சினா சக்கரமா என்று பிரிப்பது சுலபம். ஓடுகிற வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இஞ்சின் சுற்று இறங்கியது, முனகல் இறங்கவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் குறைந்தது. ஆக, சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. (இதற்காக இஞ்சினையே அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்கு மேல் கல்லாகிவிடும்.) பிரேக்கை மெல்லத் தொட்டேன், சத்தம் மாறவில்லை. முழு ஸ்டீயரிங் ஒடித்துத் திரும்பினேன். டக் டக் என்ற அடி இல்லை, எனவே டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டும் இல்லை. மிச்சம் டயரும் பேரிங்கும்.

இந்த இரண்டும்தான் ஆளை ஏமாற்றுகிற ஜோடி. இரண்டும் வேகத்தோடு ஏறும், இரண்டும் ஒரே மாதிரி ஊளையிடும். ஆனால் டயர் சத்தம் ரோட்டுக்குத் தகுந்த மாதிரி சுருதி மாற்றும். கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கிப் பார்த்தேன். புதுத் தார் போட்ட இடம், சொரசொரத்த பழைய ரோடு, பாலத்து மேல்தளம் எல்லாவற்றிலும் இந்த முனகல் ஒரே மாதிரி இருந்தது. என் மனைவி சாய்ந்து படுத்தபடியே கண்டுபிடித்தது இதைத்தான்.

அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்தில், 60 வேகத்தில், ஸ்டீயரிங்கை மெல்ல வலது, மெல்ல இடது என்று தாலாட்டினேன். வலது பக்கம் திருப்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடியது. இடது பக்கம் திருப்பியபோது ஏறக்குறைய அடங்கியது. வலிக்கிற காலில் பாரம் போட்டால்தானே மனிதனும் கத்துகிறான். இடது பக்கம், அதுவும் முன்னால் என்று எனக்குத் தோன்றியது. இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில சமயம் தலைகீழாகவும் காட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ரயிலில் கைகொடுக்கிற அந்த வித்தை இங்கே அவ்வளவாகப் பலிக்கவில்லை. காரில் பிரேக் டிஸ்க்கும் அங்கேயே உட்கார்ந்து சூடேற்றுகிறது. எந்தச் சூடு யாருடையது என்று பிரிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை அவளை டயாலிசிஸில் விட்டுவிட்டு, கிடைத்த நான்கு மணி நேரத்தில் நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, டோக்கன், காபி மெஷின். சட்டையில் மை படாத ஒரு பையன் வந்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினான். "சார், பேரிங்ல ப்ளே இல்ல. டயர்தான் போயிருச்சு. நாலும் மாத்திருங்க" என்று 17 ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு தாளை நீட்டினான்.

கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கிற இடத்தில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆடினால் ஏதோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி ஆட்டினால், ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் வகையறா. ஆனால் ஆடவில்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது, காய்ச்சல் இல்லை என்பதால் சர்க்கரை வியாதி இல்லை என்று சொல்வது போல. பேரிங் முதலில் சத்தம் போடும். ஆட்டம் காண்பது வெகு நாள் கழித்து. அந்தக் கட்டத்தில் சக்கரம் போகிற போக்கே மாறிவிடும், பிரேக் பெடல் தொய்யும், கடைசியில் சக்கரமே இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

டயர்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். தேய்வு சமமாக இருந்தது. அலையலையாகவோ ரம்பப் பல் மாதிரியோ ஒரு இடமும் கைக்குத் தட்டவில்லை. "தம்பி, முன்டயரைப் பின்னால மாத்திப் போட்டுக் குடுங்க, அது போதும்" என்றேன். அவனுக்கு அது வியாபாரமில்லை. முகம் கொஞ்சம் சுருங்கியது. 300 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். சத்தம் டயரோடு பின்னால் போயிருந்தால் அவன் சொன்னது சரி. போகவில்லை. அதே இடத்தில், அவள் காலுக்கடியிலேயே இருந்தது.

அதற்கப்புறம்தான் எங்கள் ஊர் மிஸ்திரியிடம் போனேன். ரயில்வே கேட் பக்கம் தகரக் கொட்டகை. ஐம்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, இடது முன்சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு, இன்னொரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க புடிங்க சார்" என்றார். பிடித்தேன். ஸ்பிரிங் வழியாக மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு உள்ளங்கைக்கு வந்தது. வலது பக்கத்தில் அதே மாதிரி பார்த்தோம். வெண்ணெய்.

"ஓடுமா?" என்றேன்.

"ஓடும் சார். எவ்வளவு தூரம்னு நான் சொல்ல மாட்டேன். அம்மாவ கூட்டிக்கிட்டுப் போற வண்டி."

அந்த ஒரு வரிக்காகவே அவரிடம் வேலையைக் கொடுக்கலாம். அடுத்த செவ்வாய்க்கு வாடகைக் கார் சொல்லிவிட்டோம். போக வர 1,100 ரூபாய். மனைவிக்கு அதில் வருத்தம். வருகிற வழியில் டிரைவரின் முன்னால் சீட்டைச் சாய்த்துப் படுக்கக் கூச்சப்பட்டு, பின் சீட்டில் நிமிர்ந்தபடியே வந்தாள். எனக்கு அது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று மிஸ்திரியை நெருக்கினேன்.

புதன்கிழமை பேரிங் வாங்கத் திருச்சிக்குப் பஸ்ஸில் போனேன். இதில் ஒரு வார்த்தை. பேரிங்கில் போலி சரக்கு நிறைய உண்டு. அட்டைப்பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பது ஆறு மாதத்தில் அழும். விலை மலிவாகச் சொன்ன கடையை விட்டுவிட்டு, பில் போட்டுக் கொடுக்கிற கம்பெனி டீலரிடம் 1,650 ரூபாய்க்கு வாங்கினேன்.

கடையில் காத்திருந்தபோது பழைய ஞாபகம் ஒன்று. ஸ்வீடன் நாட்டில் கோதன்பர்க் என்ற ஊரில் ஒரு ஜவுளி ஆலை. அடியில் களிமண் பூமி என்பதால் கட்டடம் அசைந்து அசைந்து, ஷாஃப்டுகள் நேர்கோட்டை விட்டு விலகி, பேரிங்குகள் உடைந்துகொண்டே இருந்தன. அங்கே வேலை பார்த்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இஞ்சினியர் அந்தத் தொல்லை தாங்காமல் 1907-ல் செய்ததுதான், ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் தானே ஒத்துப்போகிற குண்டு பேரிங். எஸ்.கே.எஃப். கம்பெனி பிறந்தது அதிலிருந்துதான். அந்த யோசனையின் வாரிசான ஸ்ஃபெரிக்கல் ரோலர் பேரிங்கைத்தான் ஐ.சி.எஃப். பெட்டிகளில் நான் வருஷக்கணக்காகக் கழுவி, அளந்து, கிரீஸ் வைத்தேன். அப்போதெல்லாம் அது எங்கிருந்து வந்தது என்று யார் நினைத்தார்கள்.

வியாழக்கிழமை முழுக்க மிஸ்திரி கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பழைய பின்சக்கர ஓட்ட வண்டிகளில் முன் பேரிங் என்றால் மூடியைக் கழற்றி, பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, கிரீஸ் வைத்து, திரும்ப முறுக்குவது, அரை நாள் வேலை. இப்போதைய சின்னக் கார்களில் பேரிங்கை நக்கிள் என்கிற இரும்பு மூட்டுக்குள் அழுத்தி ஏற்றியிருப்பார்கள். ஆகவே மூட்டையே கழற்ற வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்ஸில் நட்டின் மடித்த விளிம்பை நிமிர்த்தித் தளர்த்தினார். அப்புறம் தூக்கி, காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அதை ரப்பர் ஹோஸிலேயே தொங்கவிடுகிற அவசரக்காரர்களும் இருக்கிறார்கள், ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். டிஸ்க், டை ராட், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் போல்ட் இரண்டு எல்லாம் கழன்றதும் நக்கிள் கைக்கு வந்தது. அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கேதான் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது.

ஹப்பைத் தள்ளியபோது பேரிங்கின் உள்வளையம் ஒன்று ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் வரும். லேத்துக்காரர் கிரைண்டரால் ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாக அறுத்து, உளி வைத்து ஒரே தட்டு, தெறித்தது. ஹப்பில் கீறல் விழவில்லை. சர்க்கிளிப்பை எடுத்து, பழைய வெளிவளையத்தை வெளியே தள்ளி, குழியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள்.

புதியதை ஏற்றுகிற இடத்தில்தான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். புதுப் பேரிங் பாதி கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் அத்தனை டன் பாரமும் குண்டுகள் வழியாகப் போய், ஓடுகிற பாதையில் குண்டு அளவுக்குக் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டரில் பழைய முனகல் திரும்பி வரும். அப்புறம் ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் ஏபிஎஸ் சென்சாருக்கான காந்தப் பட்டை பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே இருக்கிறது. மிஸ்திரி ஒரு ஸ்டேப்ளர் பின்னை எடுத்து இரண்டு பக்கமும் காட்டி, லேசாக ஒட்டிய பக்கத்தை உள்பக்கம் வைத்தார். திருப்பிப் போட்டிருந்தால் வேலை எல்லாம் முடிந்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, திரும்ப முதலிலிருந்து.

லேத்துக்காரர் பழைய வெளிவளையத்தை முழுதாக எடுத்து அதற்கு மேல் வைத்து அழுத்தினார். சரியான அளவு. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அத்தனையும் மாட்டிய பிறகு ஆக்ஸில் நட்டு. பழைய நட்டைத் திரும்பப் போடாமல் புதிது வாங்கியிருந்தோம், 60 ரூபாய். மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்கி, விளிம்பைத் தட்டி மடித்தார். அது முறுகும் வரை வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கவில்லை. நட்டு தளர்ந்திருக்கும்போது வண்டியை இறக்கி உருட்டினால் புதுப் பேரிங் அன்றைக்கே அடி வாங்கும். மிஸ்திரிக்குக் கூலி 1,200, லேத்துக்கு 400, ஸ்ட்ரட் போல்ட்டைத் தொட்டதால் மறுநாள் அலைன்மென்ட்டுக்கு 350. எல்லாம் சேர்த்து 3,660 ரூபாய்.

பழைய பேரிங்கை வீட்டுக்கு எடுத்து வந்து சுத்தம் செய்து பார்த்தேன். கிரீஸ் காபித்தூள் நிறத்தில் இருந்தது. வெளிவளையத்தின் ஓடுபாதையில் அரிசி நொய் அளவுக்கு இரும்பு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. சுற்றிலும் துரு. போன ஐப்பசி மழையில் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றபோது அதற்குள் இறங்கித்தான் டயாலிசிஸுக்குப் போனோம். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால், உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்குப் போகாமல் இருந்திருக்க முடியாது. டயாலிசிஸுக்கு மழை விடுமுறை கிடையாது.

பேரிங் ஓடாமலேயே கெடுவதும் உண்டு. அமெரிக்காவில் கார்களை ரயிலில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பியபோது, சக்கரம் சுற்றாமல் நின்ற இடத்திலேயே அதிர்ந்து அதிர்ந்து, போய்ச் சேர்ந்த புதுக் கார்களில் பேரிங் பாதையில் வரிசையாகத் தழும்பு இருந்ததாம். வெளியூரில் மகன் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், நம் தெருவில் அந்த அளவுக்கு அதிர்வு இல்லை. ஆனால் திரும்பி வந்ததும் ஒரு தடவை கண்ணாடியை ஏற்றி, ரேடியோவை அணைத்து, 60-ல் ஓட்டிக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரையும் கேட்கச் சொல்லுங்கள். நம் வயதில் ஒரு காது போதாது.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பினோம். நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி 60 வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். வாளாடி வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"என்னங்க."

"என்னம்மா?"

"அந்தச் சத்தம் போயிருச்சு. இப்ப இந்த டப்பா மூடி கடகடங்குது."

முன்னால் கையுறைப் பெட்டி. ஒரு வருஷமாகவே அது ஆடியிருக்க வேண்டும், உறுமலில் கேட்காமல் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி, மூடியின் இரண்டு மூலையிலும் ஒட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தெரியும்.